ஆகாயப் பயணத்தில் இசைக்கருவிகளைக் காப்பது எப்படி?



நம் தாத்தா பாட்டிமார் மலாயாவுக்கு வந்த காலத்தில் மிருதங்கமும் உருமியும் தவிலும் கப்பலேறித்தான் வந்தன. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கும்வரை, கருவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்து வரலாம். இன்று சென்னையில் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். ஆனால் அந்த நாலு மணி நேரமும் கருவி நம் கண்ணில் படுவதில்லை. இதுதான் பெரிய வேறுபாடு.

குளுவாங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. தகப்பனார் குலை வெட்டுபவர். மகள் பட்டணத்தில் வீணை கற்றுக்கொள்கிறாள். மூன்று ஆண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், ஊருக்குப் போனபோது தஞ்சாவூரில் ஒரு வீணை வாங்கி வந்தார்கள். லயத்தில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடியிருக்கப் பெட்டியைத் திறந்தார்கள். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு! விமான நிலையத்தில் ஏதோ ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். "கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி யாரைக் கேட்பது?" என்று தகப்பனார் பேசாமல் இருந்துவிட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் செய்தி எங்கள் காதுக்கு வந்தது. அதற்குள் கேட்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. இந்த நிலை இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இன்று இதைப் பேசுகிறோம்.

முதலில், விமானத்தில் கருவிக்கு என்ன நேருகிறது?

வானத்தின் உயரத்தில் குளிர் தாங்காமல் மரம் வெடித்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்று பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் மேல் குளிர்ந்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் பயணிகள் விமானத்தின் சாமான் அறையிலும், நாம் உட்கார்ந்திருக்கும் பகுதியில் உள்ள அதே காற்றழுத்தம்தான் இருக்கிறது. அங்கே குளிர் சற்று அதிகம்; அவ்வளவுதான். பெரும் சேதம் வானத்தில் நடப்பதில்லை, தரையில்தான் நடக்கிறது. பெட்டி ஓடுபட்டையில் உருள்கிறது, வண்டியிலிருந்து விழுகிறது, அதன் மேல் வேறு பெட்டிகள் ஏறுகின்றன. சில வேளை கொதிக்கும் வெயிலில் தார்த் தரையில் காத்துக் கிடக்கிறது.

இரண்டாவது எதிரி ஈரத்தின் மாற்றம். நம் ஜொகூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். விமானத்துக்குள் அது 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். பலா மரமும் தோலும் ஈரத்தைக் குடித்தும் விட்டும் அசைந்துகொண்டே இருப்பவை. நன்றாக மூடிய பெட்டிக்குள் இருந்தால் இந்த மாற்றம் மெதுவாக வரும், கருவி தாங்கிக்கொள்ளும். திறந்து கிடந்தால் தாங்காது.

ஆகவே முதல் வேலை பெட்டி. துணி உறை போதாது. கண்ணாடி இழைப் பெட்டி விலை கூடுதல் என்றால், ஒட்டுப்பலகையில் தச்சரிடம் ஒரு பெட்டி செய்துகொள்ளலாம். உள்ளே நாலு பக்கமும் நுரைமெத்தை வைத்து, இடைவெளிகளில் பழைய சாரோங், துண்டு ஆகியவற்றைத் திணிக்க வேண்டும். பெட்டியை மூடியபின் தூக்கி ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது அசையும் ஓசை கேட்டால் பெட்டி இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள். முட்டைத் தட்டில் முட்டை எப்படி அசையாமல் உட்கார்ந்திருக்கிறதோ, கருவியும் அப்படி உட்கார வேண்டும்.

இனி ஒவ்வொரு கருவியாகப் பார்ப்போம்.

வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்து சுருதி கெட்டுவிடும். எனவே வெயிலில் நிறுத்திய காரில் வீணையை விட்டுவைக்கக் கூடாது. தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள்; முழுவதும் அவிழ்த்துவிட்டால் குதிரை நகர்ந்துவிடும். சுரைக்காயைக் கழற்றித் தனியே சுற்றி வையுங்கள். யாளி முகத்துக்கும், தண்டி குடத்தோடு சேரும் இடத்துக்கும் அடியில் மெத்தை தாராளமாக இருக்கட்டும். அடி படும்போது முதலில் உடைவது அந்த இடங்களே.

மிருதங்கத்தின் தொப்பியில் அப்பிய ரவையைச் சுரண்டித் துடைத்துக் காயவைத்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். ஈர ரவை மூடிய பெட்டிக்குள் புளித்துப் பூசணம் பிடிக்கும். வலந்தலைக்கும் தொப்பிக்கும் மேலே வட்டமாக வெட்டிய பலகையைத் துணி சுற்றி வைத்துக் கட்டினால் தோலில் குத்து விழாது. தவிலுக்கும் உருமிக்கும் இதே முறைதான். சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் தவில் கோலையும் கைப்பையில் கொண்டுபோகாதீர்கள், சோதனையில் தடுத்துவிடக்கூடும். பெட்டியிலேயே, கருவியில் படாதபடி கட்டி வையுங்கள்.

நாதஸ்வரத்தில் அணசைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். சீவாளிகளைச் சிறு டப்பாவில் இட்டுக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். தஞ்சை மாவட்டத்து நாதஸ்வரம் வேறு ஊரிலும் கிடைக்கலாம். ஆனால் கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் இரவில், வாயில் பழகிய சீவாளி தோட்டத்தில் எங்கே கிடைக்கும்?

மின்சாரச் சுருதிப் பெட்டி இருந்தால் அதன் மின்கலத்தை நினைவில் கொள்ளுங்கள். உதிரி லித்தியம் மின்கலங்களும் கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கும் சாமான் பெட்டியில் போகக் கூடாது. கைப்பையில்தான் போக வேண்டும்.

கைப்பைக்குப் பல நிறுவனங்கள் 7 கிலோவையே எல்லையாக வைத்திருக்கின்றன. புல்லாங்குழல் அதற்குள் அடங்கும். மிருதங்கமும் வீணையும் அடங்கா. சில நிறுவனங்கள் கருவிக்கென்றே தனி இருக்கை விற்பதுண்டு. சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது சட்டம். பழைய வீணைகளில் தந்த வேலைப்பாடு இருக்கலாம். கஞ்சிராவுக்கு மரபாகப் போர்த்துவது உடும்புத் தோல். யானைத் தந்தத்துக்கும் உடும்புத் தோலுக்கும் 1975ல் நடைமுறைக்கு வந்த உலக வனவுயிர் வாணிப உடன்படிக்கை கடுமையான தடை விதிக்கிறது. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கிறது. தெரியாமல் வாங்கி வந்தாலும் சுங்கத்தில் கருவி பறிபோகலாம், வழக்கும் வரலாம். கஞ்சிரா வாங்கும்போது ஆட்டுத் தோல் அல்லது செயற்கைத் தோல் என்று கேட்டு வாங்குங்கள். கடைச் சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள்.

ஊர் வந்து சேர்ந்ததும் பெட்டியை உடனே திறந்து கருவியை வெளியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கோப்பிக் கடையில் ஐஸ் தண்ணீர்க் குவளை வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த மரத்தின் மேலும் தோலின் மேலும் நம் ஊர்க் காற்று அப்படியே நீர் கோக்கும். விமான நிலையத்தில் மூடியைச் சற்றுத் திறந்து உடைப்பு உண்டா என்று பார்த்துவிட்டு உடனே மூடிவிடுங்கள். வீட்டில் சில மணி நேரம் பெட்டிக்குள்ளேயே ஆறட்டும். பிறகு எடுத்துச் சுருதி சேருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது சேதம் தெரிந்தால் என்ன செய்வது? இதைத்தான் அந்தக் குளுவாங் குடும்பம் அறியாமல் போயிற்று.

நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, சாமான் முறையீட்டு மேசைக்குப் போய்ச் சேத அறிக்கை எழுதச் சொல்லி அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்றாலும் கவலையில்லை. 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியால் உடன்படிக்கையை மலேசியாவும் இந்தியாவும் ஏற்றிருக்கின்றன. அதன்படி சாமான் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். சாமான் தாமதமாக வந்ததற்கு 21 நாட்கள். வாய்மொழி எடுபடாது. இழப்பீட்டின் உச்ச எல்லை 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை அலகு. நம் பணத்தில் ஏறத்தாழ 8,000 வெள்ளி. இது எல்லை மட்டுமே. எல்லோருக்கும் அப்படியே கிடைக்கும் தொகையன்று. கருவியின் விலை அதைவிடக் கூடுதலாக இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தும் வழியும் உண்டு.

நிறுவனம் காது கொடுக்கவில்லை என்றால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரத்திடம் முறையிடலாம். முன்பு இந்த வேலையைப் பார்த்த ஆணையம் 2025 ஆகஸ்டில் அதனுடன் இணைந்துவிட்டது.

கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துப் போடுங்கள். புரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்பதற்காகவும் முறையிடாமல் இருந்துவிட வேண்டாம். எழுதிக் கேட்பதில் நட்டமில்லை. புறப்படும் முன் கருவியையும் அதைப் பெட்டியில் அடுக்கிய விதத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கடைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பெயரும் முகவரியும் பெட்டிக்கு வெளியே மட்டுமன்றி உள்ளேயும் இருக்கட்டும்.

பெரிய வித்துவான்களுக்கும் இந்தத் துன்பம் நேர்ந்திருக்கிறது. 2014ல் சரோத் மேதை உஸ்தாத் அம்ஜத் அலி கானின் 45 ஆண்டுப் பழைய சரோத், லண்டனிலிருந்து டில்லிக்கு வரும் வழியில் காணாமற் போய்ச் சில நாட்களுக்குப் பின்தான் கிடைத்தது. 2008ல் கனடா நாட்டுப் பாடகர் டேவ் கேரலின் கித்தார் அமெரிக்கப் பயணத்தில் உடைந்தது. மாதக்கணக்கில் கேட்டும் இழப்பீடு கிடைக்காததால், 2009ல் அதைப் பற்றி ஒரு பாட்டே பாடி வெளியிட்டார், உலகமே கேட்டது. நமக்கு அவ்வளவு பெரிய குரல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் 7 நாட்களுக்குள் எழுதிய ஒரு கடிதம் இருந்தால் நம் வழக்கு நிற்கும்.

அந்தக் குளுவாங் பெண்ணின் வீணையைத் தச்சர் ஒருவர் வச்சிரம் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அவள் இன்றும் அதில்தான் சாதகம் செய்கிறாள். மந்தர ஸ்தாயியில் மட்டும் ஒரு சிறு அதிர்வு கேட்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தகப்பனார் ஒட்டுப்பலகைப் பெட்டியோடுதான் போகப்போகிறார்.