டிபன் பாக்ஸில் சோறு இருக்கிறது. பருப்பும் காயும் எங்கே?

எலுமிச்சை சாதத்துக்கு சிப்ஸ், தக்காளி சாதத்துக்கு அப்பளம், புளியோதரைக்கு உருளைக்கிழங்கு வறுவல். வேன் வருவதற்குள் கட்டி அனுப்ப வேண்டிய அவசரத்தில் பல வீடுகளில் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் இப்படித்தான் நிரம்புகிறது. பிள்ளையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடுகிறது. வயிறு நிறைகிறது என்பது உண்மைதான். ஆனால் வளரும் உடம்புக்கு மதிய வேளையில் சேர வேண்டியவற்றில் முக்கியமான பங்கு அந்த டப்பாவில் இல்லை.

எதை எவ்வளவு வைப்பது என்று குழம்ப வேண்டியதில்லை. அதற்கான அளவுகோல் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்திலேயே இருக்கிறது.

சத்துணவு சொல்லும் கணக்கு

மதிய உணவுத் திட்டத்துக்கான தேசிய விதிமுறைப்படி, தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி அல்லது கோதுமை, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். இதிலிருந்து 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். தமிழ்நாட்டில் இதற்கு மேல் பள்ளி நாள்தோறும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-இல் காமராசர் காலத்தில் விரிவடைந்து, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்த அனுபவத்தின் பலன் இது.

இந்த அளவை வைத்து வீட்டு டப்பாவை எடைபோடலாம். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, 8 கிராம் புரதம். எண்ணெயும் சிப்ஸும் சேர்ந்தால் கலோரி எளிதாக 450-ஐத் தாண்டிவிடும். புரதமோ 8 கிராமிலேயே நிற்கும். 20 கிராம் பருப்பு சேர்ந்தால்தான் 12 கிராமைத் தொடும். ஒரு முட்டை இன்னும் 6 கிராம் தரும்.

அளவோடு தரமும் முக்கியம். அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் உடம்பு அந்தப் புரதத்தை முழுமையாகப் பயன்படுத்துகிறது. சாம்பார் சாதம், பொங்கல், அடை எல்லாம் இந்தச் சேர்க்கைகள்தான்.

இரும்புச்சத்தும் கவலைக்குரியது. 2016-18-இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வின்படி, இந்தியாவில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 24 சதவீதம் பேருக்கும் வளரிளம் பருவத்தினரில் 28 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் பிள்ளை சீக்கிரம் சோர்ந்துபோகும். வகுப்பில் கவனம் சிதறும். 'படிப்பில் அக்கறை இல்லை' என்று நாம் திட்டும் பிள்ளைக்கு உண்மையில் சத்துக் குறைபாடு இருக்கலாம்.

நிரப்பும் வரிசையை மாற்றுங்கள்

சாதத்தை முதலில் அழுத்தி நிரப்பிவிட்டு, மிஞ்சிய மூலையில் எதையாவது வைப்பது நம் வழக்கம். வரிசையைத் திருப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். முதலில் சுண்டல், முட்டை, பனீர் என ஏதாவது ஒன்று. அடுத்து பொரியலோ கூட்டோ. மிஞ்சிய இடத்தில் சாதம். ஒரு நாளைய கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று ஐ.சி.எம்.ஆர். - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்வதும் இதையொட்டித்தான்.

இதற்காகப் புதிதாக எதையும் சமைக்க வேண்டாம். அதே எலுமிச்சை சாதத்தை எடுத்துக்கொள்வோம். தாளிப்பில் பேருக்கு நாலு வேர்க்கடலை போடுவதற்குப் பதில் 20 கிராம் போட்டால் அதிலேயே 5 கிராம் புரதம் வந்துவிடும். முந்தின இரவு ஊறப்போட்ட கறுப்புக் கொண்டைக்கடலையைக் காலையில் குக்கரில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் துருவிய கேரட்டும் தூவி, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். கடலையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்ச அந்த வைட்டமின் சி உதவுகிறது. கூடவே ஒரு சின்னக் கொய்யாப்பழம் வைத்தால் இன்னும் நல்லது. வைட்டமின் சி-யில் ஆரஞ்சைவிடக் கொய்யா பல மடங்கு உசத்தி.

மற்ற நாள்களுக்கும் வழி உண்டு. முருங்கைக்கீரை அடை, முட்டைப் பொரியல் சுருட்டிய சப்பாத்தி, தயிர் சாதத்துடன் பச்சைப்பயறு சுண்டல், தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு பிசைந்த சாதம். முட்டைக்கு அனுமதி இல்லாத பள்ளி என்றால் மொச்சை, பட்டாணி, பனீர் கைகொடுக்கும்.

ஆறு மணிக்குச் சமைத்து, பன்னிரண்டரைக்குச் சாப்பிட

சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் குறிப்பாக பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே ராத்திரி வெளியில் வைத்த சோற்றைக் காலையில் தாளித்து அனுப்பவே கூடாது.

காலையில் புதிதாக வடித்ததையே கட்டுங்கள். சூடு தாங்கும் டப்பா இருந்தால் முதலில் அதில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, பிறகு கொதிக்கக் கொதிக்க உணவை வைத்து மூடலாம். சாதாரண எவர்சில்வர் டப்பா என்றால் அகலத் தட்டில் பரப்பி ஆவி போனதும் மூடுங்கள். இல்லாவிட்டால் நீர் கோத்து நசநசத்துப் போகும். தேங்காய்ச் சட்னி வெயில் காலத்தில் சீக்கிரம் ஊசிவிடும். அதற்குப் பொடி தேவலாம். டப்பாவின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். அழுக்கு தங்கும் இடம் அதுதான்.

இடைவேளை டப்பா

பத்தரை மணி இடைவேளைக்கு க்ரீம் பிஸ்கட்டும் பாக்கெட் ஜூஸும் போனால், மதியச் சாப்பாட்டுக்குப் பசியே இருக்காது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி செய்தது. சர்க்கரை அளவை விளக்கும் பலகைகளை வைக்கும்படி 2025-இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. வாசலில் தடுத்ததை நாமே பைக்குள் வைத்து அனுப்பினால் விதியால் என்ன பயன்? வாழைப்பழம், கடலை மிட்டாய், அவித்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு போதும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

திரும்பி வரும் டப்பாவைப் படியுங்கள்

மாலையில் டப்பாவைத் திறந்ததும் "இன்னிக்கும் மிச்சமா?" என்று அதட்டாமல், "ஏன்டா கண்ணு, காரமா இருந்துச்சா? நேரம் பத்தலையா?" என்று கேட்டால் காரணம் தெரியவரும். மூடி இறுக்கமாக இருந்திருக்கலாம். காய் நீளநீளமாக இருந்து மெல்ல முடியாமல் போயிருக்கலாம். பக்கத்துப் பிள்ளை கேலி செய்திருக்கலாம். "நாளைக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் நூடுல்ஸ் என்றுதான் பதில் வரும். "பீன்ஸா, கேரட்டா?" என்று கேட்டால் இரண்டில் ஒன்றைப் பிள்ளையே சொல்லும், தானே சொன்னதைச் சாப்பிடவும் செய்யும்.

ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்டைவிடக் கூடுதலாக ஆகிவிடாது. பற்றாக்குறை காசில் இல்லை, காலை நேரத்தில்தான். அந்த நேரம் பெரும்பாலும் அம்மா ஒருவரின் தோளில் விழுகிறது. ராத்திரி கடலை ஊறப்போடுவது, காய் நறுக்கி வைப்பது, டப்பா கழுவுவது ஆகியவற்றை அப்பாவும் வளர்ந்த பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டால் காலையில் பொரியலுக்கு நேரம் கிடைக்கும். அரசு தன் பள்ளிப் பிள்ளைக்கு அளந்து போடும் பருப்பும் காயும் நம் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமென்றால், டிபன் பாக்ஸ் கட்டுவது வீட்டின் வேலையாக மாறியே ஆக வேண்டும்.