இரண்டு தட்டு தட்டினால் போதும்!

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த அடிதடியெல்லாம்? கை கால் ஒடிஞ்சா நாளைக்கு எவன் கட்டிப்பான்?"

என் மாமியார் இப்படிக் கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. மகளைக் கராத்தே வகுப்பில் சேர்த்தவளே நான்தானே!

எங்கள் பள்ளிப்பட்டு ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். பொழுது விடிந்தால் விசைத்தறிச் சத்தம்தான். எங்கள் வீட்டிலும் தறி ஓடுகிறது. மகள் ஏழாம் வகுப்பு. டியூஷன் முடித்து இருட்டில் வருகிற பெண்ணுக்கு நாலு அடி தற்காப்பு தெரிந்திருக்கட்டுமே என்று நினைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு... ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வு, அதற்கொரு கட்டணம், ஒரு சான்றிதழ். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கட்டினேன். சான்றிதழ்களைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்து, வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக் கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது பார்க்கிறேன், குழந்தையின் முழங்கை வீங்கியிருக்கிறது!

"என்னடி இது?"

"ஒரு அண்ணன் கையை முறுக்கிட்டாம்மா."

"விடுடான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அழுமூஞ்சின்னு சிரிப்பாங்க. மாஸ்டரும் வலியைத் தாங்கிக்கணும்னுதான் சொல்வாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றுக் கொடுக்கத்தானே அனுப்பினேன்? இவளோ வலித்தாலும் வாயை மூடிக்கொள்ள அல்லவா கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்!

மாமியார் உடனே, "புத்தூர் கட்டுப் போட்டா சரியாயிடும், கிளம்பு" என்றார். இந்தப் பக்கத்தில் கை கால் பிசகினால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது புத்தூர்தான். நான் பிடிவாதமாக முதலில் எக்ஸ்ரே எடுக்க வைத்தேன். நல்லவேளை, முறிவு இல்லை, தசைநார்ப் பிசகுதான். கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார் டாக்டர். கராத்தேக்கும் அத்தோடு முழுக்குப் போட்டாயிற்று.

அந்தச் சமயம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போவதற்காக என் அண்ணன் மகன் வந்திருந்தான். சென்னையில் வேலை. ஜியு-ஜிட்சு என்று ஒரு கலை பழகுகிறான். "அது என்னடா, வாயில் நுழையாத பேரு?" என்றேன். சிரித்துக்கொண்டே கூடத்தில் பாயை விரித்தான்.

"இதுல குத்து, உதை கிடையாது அத்தை. கட்டிப் பிடிச்சுத் தரையில சாய்ச்சு, கை காலை மடக்கணும். மாட்டிக்கிட்டவங்க எதிராளி மேல ரெண்டு தட்டு தட்டினாப் போதும். அந்த நொடியே விட்டுடணும். தட்டின பிறகும் விடாதவனை யாரும் மதிக்க மாட்டாங்க."

அந்தக் கலையின் கதையையும் சொன்னான். பழைய ஜப்பானியச் சண்டைக் கலையிலிருந்து ஆபத்தான பிடிகளை விலக்கி, 1882-ல் ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. அவரிடம் ஜூடோ பயின்ற மிட்சுயோ மாயேடா 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அங்கே கிரேசி குடும்பத்துப் பையன் ஒருவன் அவரிடம் கற்க, அந்தக் குடும்பத்தின் மூலமாக வளர்ந்ததுதான் பிரேசிலிய ஜியு-ஜிட்சு. ஒரு காலத்தில் அங்கே ஒரு பள்ளி மாணவன் இன்னொரு பள்ளியில் போய்ப் பழகினால் துரோகி என்பார்களாம். 1993-ல் அமெரிக்காவில் எல்லாச் சண்டைக் கலைக்காரர்களும் மோதிய ஒரு போட்டியில், ஒல்லியான ராய்ஸ் கிரேசி தன்னைவிடப் பெரிய ஆட்களை மடக்கி ஜெயித்தார். அதன்பிறகு உலகமெங்கும் இதற்கு ஆள் சேர்ந்தது. இப்போது பல பள்ளிக்காரர்கள் ஒரே பாயில் சேர்ந்து பழகுகிறார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் இது இடம்பெற்றது. இதில் கறுப்பு பெல்ட் வாங்கச் சுமார் பத்து வருஷம் ஆகுமாம். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் வாங்கிய எனக்குச் சுருக்கென்றது!

"குத்துச்சண்டையில தினம் முழு வேகத்துல குத்திப் பழகினா மூளைக்கே கேடு அத்தை. இங்கே தட்டினா விட்டுடுவாங்கங்கிற நம்பிக்கை இருக்கிறதாலதான் முழு பலத்தோட பழக முடியுது" என்றான்.

கை குணமானதும் மகள், "மறுபடி ஏதாவது கத்துக்கறேம்மா" என்று நச்சரிக்க ஆரம்பித்தாள். ஜியு-ஜிட்சுவுக்கு நாங்கள் எங்கே போவது? பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. மூன்று நாள் மாலை நேரத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் காலடி, அப்புறம்தான் கம்பு. ஜோடியாக ஆடும்போது ஒரு பிள்ளை "போதும்" என்றால் மற்றது கம்பைத் தாழ்த்திவிட வேண்டும். ஆசானிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்க காலத்துல ஆசானை எதிர்த்து ஒரு கேள்வி கேட்க முடியாதும்மா. பொண்ணுங்க களத்துப் பக்கமே வர மாட்டாங்க. என் ஆசான் கடைசி வித்தையைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துட்டாரு. நான் அப்படிச் செய்யப் போறதில்லே" என்றார். பிரேசிலிலும் இதே கதைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சிலம்பத்துக்கும் இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. வடகரையில் களரி கற்பிக்கும் மீனாட்சி அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் 2017-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்ஸில் நுழைந்ததே 2012-ல்தான். அந்த வருஷமே மேரி கோம் வெண்கலம் வாங்கினார். கதவுகள் திறந்துவிட்டன, சகோதரிகளே!

ஆனால் கதவு திறந்தால் மட்டும் போதுமா? 2023 ஜனவரியில் நம் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைப் புகாரோடு டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. உலக மேடையில் பதக்கம் வாங்கிய பெண்கள் "போதும்" என்று சொல்வதற்கே தெருவுக்கு வரவேண்டியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், எந்தக் கலை என்று பார்ப்பதைவிட எப்படிப்பட்ட இடம் என்று பாருங்கள்.

சேர்ப்பதற்கு முன் நாலு விஷயம் கவனியுங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? பத்திரமாக விழுவதற்கு முதலில் கற்றுத் தருகிறார்களா? வயதும் எடையும் பார்த்து ஜோடி சேர்க்கிறார்களா? பிள்ளை "வலிக்கிறது" என்றால் நிறுத்துகிறார்களா? நாலுக்கும் "ஆமாம்" என்றால் தைரியமாகச் சேருங்கள்.

வீட்டிலும் நமக்கு வேலை உண்டு. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பயிற்சி உடையை அன்றன்றே துவையுங்கள். பாயில் கட்டிப் புரளும் கலையானால் படர்தாமரை தொற்றும். வந்ததும் குளிக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு வேர்க்கடலை உருண்டை கொடுங்கள். "எங்கேயாவது வலிக்குதா?" என்று தினமும் கேளுங்கள்.

போன வாரம் பள்ளிக்கூட அவசரத்தில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சிக்கு. நானும் கோபத்தில் வெடுக்கென்று இழுத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையில் இரண்டு தட்டு தட்டினாள்.

சீப்பை அப்படியே நிறுத்திவிட்டேன்.