வாசலில் ஒரு புல்தரை

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரை அடுத்திருப்பது மேனாம்பேடு. தொண்டை மண்டலத்து ஊர்களை அறிந்தவர்களுக்கு, அங்கே ஏரி ஒன்று இருக்கும், அதன் கீழே கழனிகள் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏரி இன்றும் இருக்கிறது. கழனிகள் மனைகளாகி நெடுநாளாயிற்று. 1960-களில் அருகே தொழிற்பேட்டை எழுந்தது. 2011-இல் அம்பத்தூர் நகராட்சியே சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. நெல் விளைந்த இடத்தில் இப்போது வீடு. வீட்டுக்கு முன்னால் பத்தடி, பின்னால் பதினைந்தடி வெற்றிடம்.

இந்த வெற்றிடத்தை என்ன செய்வது என்பதில்தான் குடும்பங்களில் அபிப்பிராய பேதம் உண்டாகிறது. வீட்டு எஜமானருக்கு அதில் சிமிட்டிக் கல் பாவிவிட வேண்டும். வண்டி நிறுத்தச் சௌகரியம், சேறும் இராது. பிள்ளைகளுக்குப் படத்தில் கண்டதுபோல் பச்சைப் பசேலென்ற புல்தரை வேண்டும். பாட்டிக்கோ இரண்டு வாழையும் ஒரு முருங்கையும் போதும். மூவர் கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் மூவருமே மறந்துவிடும் நான்காவது கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் மழை.

சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆயிரம் சதுர அடி மாடியின்மேல் ஒரு வருஷத்தில் விழும் மழை ஏறக்குறைய 1,30,000 லிட்டர். வாசலையும் கொல்லையையும் கல்லால் மூடிவிட்ட வீட்டுக்காரர் இவ்வளவு ஜலத்தையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு, சித்திரை பிறந்ததும் லாரிக்காரரை எதிர்பார்த்து நிற்கிறார். மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். சட்டத்துக்காக மூலையில் ஒரு குழாயைப் புதைத்துவிட்டு மற்ற இடமெல்லாம் கல் பாவினால், சட்டம் திருப்தி அடையலாம். கிணறு திருப்தி அடையாது. 2015 டிசம்பரில் வெள்ளம். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு பாளம் பாளமாய் வெடித்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. இவ்வளவையும் கண்ட ஊரில், பூமியின் வாயைக் கல்லால் அடைப்பது எவ்வகையிலும் புத்திசாலித்தனமல்ல.

இன்னொரு வழக்கமும் பரவி வருகிறது. தெருவைவிடத் தம் மனையை இரண்டடி உயர்த்திக்கொண்டால் வெள்ளம் வராது என்று, கட்டடம் இடித்த காரையையும் செங்கல் துண்டுகளையும் கொட்டி மேடாக்குகிறார்கள். வெள்ளம் அண்டை வீட்டுக்குப் போகிறது. அடுத்த வருஷம் அண்டை வீட்டுக்காரர் மூன்றடி உயர்த்துகிறார்!

ஆகவே பிள்ளைகள் பக்கமே நாம் தீர்ப்புச் சொல்கிறோம்: புல் வையுங்கள். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சென்ட் நிலம் சுமார் 40 சதுர மீட்டர். கோடையில் புல்லைப் பசுமையாகவே வைத்திருக்க நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஜலம் வேண்டும். அதாவது 200 லிட்டர். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் விட்டால் 18,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரியில் ஒன்றரை லாரி. குடிக்க ஜலமில்லாத தெருவில் இப்படிப் புல்லுக்கு வார்ப்பதை யார்தான் ஒப்புவார்கள்? இடம் எவ்வளவு இருந்தாலும், பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடும் அளவுக்கு, அரை சென்ட்டுக்கு மேல் புல் வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

எந்தப் புல் என்பது அடுத்த கேள்வி. நர்ஸரியில் கேட்டால் கொரியப் புல், மெக்ஸிகன் புல், பெர்முடாப் புல் என்று தேச தேசாந்தரப் பெயர்களாய் அடுக்குவார்கள். இவற்றுள் பெர்முடா என்பது எது தெரியுமா? நம் அருகம்புல்தான்! வேலியோரத்தில் தானே முளைப்பதை, பிள்ளையாருக்குக் கிள்ளி வைப்பதை, கழனியில் களையென்று பிடுங்கி எறிவதை, சாஸ்திரக்காரர்கள் சைனோடான் டாக்டிலான் என்று அழைக்கிறார்கள். முதற் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ‘நாய்ப்பல்’ என்று பொருள். பெர்முடாத் தீவுக்கும் அதன் பிறப்புக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற நிபுணர் தேர்ந்தெடுத்த, இந்த அருகும் ஆப்பிரிக்கப் புல் ஒன்றும் கலந்த ‘டிஃப்வே’ என்ற ரகம் 1960-இல் வெளிவந்தது. உஷ்ண தேசங்களின் விளையாட்டு மைதானங்கள் பலவற்றை அதுவே மூடியிருக்கிறது. வீட்டு வாசலில் கிடைப்பதை வெளிநாட்டுப் பெயரிட்டுத் திரும்ப விலைக்கு வாங்கும் வித்தை நமக்குப் புதிதல்லவே.

அருகின் பெருமை அதன் பொறுமையில் இருக்கிறது. ஜலம் வார்க்காவிட்டால் பழுப்பாகிக் கிடக்கும், சாகாது. ஒரு மழை பெய்தால் போதும், கணுவுக்குக் கணு துளிர்த்துவிடும். கோடையில் அதைப் பழுப்பாகவே விட்டுவிடத் துணிந்தவர்களுக்கு மேலே சொன்ன லாரிக் கணக்கே கிடையாது. ஒரு குறை உண்டு: அதற்கு நல்ல வெயில் வேண்டும். மாமர நிழலில் அருகு வைத்துவிட்டு வளரவில்லையே என்று வருந்துவது வீண்.

இனி, புல்லைவிட முக்கியமான மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடாக்கிய மனையில் மேலே இருப்பது மண்ணே அன்று; காரை. புல் விற்பவர் அதன்மேல் இரண்டு அங்குலம் செம்மண் பரப்பி, பாய் விரிப்பதுபோல் புல் துண்டுகளை விரித்துவிட்டுப் போவார். மூன்று மாதம் பார்க்க அழகாயிருக்கும். பிறகு திட்டுத் திட்டாய்க் கருகும். ஊடே கோரை தலைகாட்டும். கோரை வந்த புல்தரையைக் காப்பாற்றுவது பிரம்மப் பிரயத்தனம். மேலே கிள்ளக் கிள்ளக் கீழே கிழங்கு பெருகும்.

இதற்குப் பரிகாரம் சித்திரையிலேயே தொடங்க வேண்டும். ஓரடி ஆழம் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு கொத்தி, காரையையும் கல்லையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மண்ணைப் புரட்டிப் போட்டு அக்கினி நட்சத்திர வெயிலில் காயவிடுங்கள். கோரைக் கிழங்குக்கு எமன் வெயில்தான், உலர்ந்தால் செத்துப்போகும். பிறகு ஒரு முறை ஜலம் பாய்ச்சி, எஞ்சிய களைகள் முளைத்ததும் அவற்றைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ வீதம் மக்கிய சாணி எருவைக் கலந்து, கட்டிகளை உடைத்து மட்டம் செய்யுங்கள். பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்ற அளவில் சரிவு வேண்டும். அந்தச் சரிவு வீட்டைவிட்டு விலகி, தெருவை நோக்காமல் மனைக்குள்ளேயே முடிய வேண்டும். முடியும் இடத்தில் மூன்றடி அகலம், நாலடி ஆழத்துக்குக் குழி வெட்டி, உடைகல்லும் மேலே மணலுமாய் நிரப்பிவிட்டால், மாடித் தண்ணீரும் வாசல் தண்ணீரும் அங்கே இறங்கும். இது ஒன்றைச் செய்தவர் வேறொன்றும் செய்யாவிட்டாலும் நாம் குறை சொல்ல மாட்டோம்.

ஆடியில் மாலை மழை தொடங்கியதும் புல் வைக்கலாம். செலவில்லாத முறை ஒன்று உண்டு. வாசல் மெழுகத் தெரிந்த நம் பெண்மணிகளுக்கு அதைக் கற்பிக்க வேண்டியதில்லை. வேரோடு எடுத்த அருகை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, பச்சைச் சாணமும் சலித்த மண்ணும் ஜலமும் சேர்த்துக் குழைத்து, நனைத்த நிலத்தின்மேல் ஓர் அங்குல கனத்துக்கு மெழுகிவிட வேண்டும். மேலே மெல்லியதாய் வைக்கோல் பரப்பி, காலையும் மாலையும் பூவாளியால் தெளித்து வந்தால் இரண்டு வாரத்தில் துளிர் தெரியும். ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். அவசரப்பட்டு ஐப்பசியில் மெழுகினால் சாணமும் புல்லும் சேர்ந்து ஏரிக்குப் போய்விடும்.

நிழலான இடத்தையும் கொல்லையையும் பாட்டியிடம் ஒப்படைத்துவிடுவதே உத்தமம். பாத்திரம் தேய்த்த ஜலம் போகும் வழியில் வாழையும் கல்வாழையும், வேலிக்குச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும், சுவரைவிட்டுத் தள்ளி ஒரு முருங்கை. 1943-இல், யுத்த காலத்தில், அமெரிக்க ஜனாதிபதி மாளிகையின் புல்வெளியிலேயே எலினார் ரூஸ்வெல்ட் காய்கறித் தோட்டம் போடச் செய்தார். ஆகையால் புல்தரைக்குப் பக்கத்தில் கீரைப் பாத்தி இருப்பது அந்தஸ்துக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம்.

வண்டிக்கு? சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் கல் பதித்து, நடுவே மண்ணாக விடுங்கள். புல் மூன்று அங்குலம் உயர்ந்ததும் முதல் முறை வெட்டலாம்; உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் கண்டுபிடித்த தள்ளு யந்திரத்தின் சந்ததிகள் கடைகளில் கிடைக்கின்றன. அரை சென்ட்டுக்கு அவை எதற்கு? கூர்மையான பெரிய கத்தரிக்கோல் ஒன்று போதும். வெட்டிய புல்லை வாழையடியில் போடுங்கள்.