இடது மரை
(ஓட்டை சைக்கிள் – 9)

இந்த வாரம் பெயின்ட் என்று சொல்லியிருந்தேன். ஃப்ரேமைத் தேய்த்து, பிரைமர் அடித்து, மட்கார்டில் தங்கக் கோடு இழுப்பது வரை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு கடிதம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரே வரி: காயலான் கடையில் எடைக்குப் போகவிருந்த ஓர் அம்பத்தூர் ஹெர்குலிஸை இரும்பு விலைக்கு வாங்கிவந்து ஓடவைக்கப் பார்க்கிறேன். சக்கரம் இரண்டும் கோட்டம் எடுத்தாகிவிட்டது. மீதிக் கதை பழைய இதழ்களில் இருக்கிறது, தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் தூத்துக்குடியிலிருந்து. தாத்தாவின் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருக்கிறார் ஒரு வாசகர். வலது பெடல் கழன்றுவிட்டது. இடது பெடல் அசைய மறுக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டிருக்கிறார். ஸ்பேனரில் ஜி.ஐ. பைப்பைச் சொருகி, தம்பியையும் துணைக்கு அழைத்து, ஏறி நின்று மிதித்தும் பார்த்திருக்கிறார். கடைசியில், “சுத்தியலால் அடிக்கலாமா?” என்று கேட்கிறார்.

ஐயா, அடிக்காதீர்கள். அது துருவே இல்லை. நீங்களும் தம்பியும் சேர்ந்து அந்தப் பெடலை இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் வெட்டப்பட்டிருக்கும். உலகத்துச் சாதாரணத் திருகாணிகள் எல்லாம் கடிகார முள் போகிற பக்கம் திருகினால் இறுகும்; இது அந்தப் பக்கம் திருகினால் கழலும். எந்தக் கால் எந்தப் பக்கம் என்று குழம்பவேண்டாம். ஸ்பேனரை, அதன் கைப்பிடி வானத்தைப் பார்த்து நிற்கும்படி மாட்டுங்கள். பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். இரண்டு பெடலுக்கும் இதே விதிதான். கையில் எடுத்த பெடல் எந்தப் பக்கத்தது என்று தெரியவேண்டுமா? மரை மேலே பார்க்க நிமிர்த்திப் பிடியுங்கள். வரிகள் வலப்புறம் ஏறினால் வலது, இடப்புறம் ஏறினால் இடது. பெரும்பாலும் அச்சு முனையில் ‘ஆர்’, ‘எல்’ என்று பொறித்தும் இருப்பார்கள். துருவைச் சுரண்டினால் தெரியும்.

கடிதத்துக்குப் பதில் இவ்வளவுதான். இதோடு நிறுத்திக்கொண்டு பெயின்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ‘ஏன் எதிர் மரை?’ என்ற கேள்வி என்னை விடவில்லை. தெருமுனைக் கடை அண்ணனிடம் போய்க் கேட்டேன். பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“கம்பெனிக்காரன் அப்படித்தான் போட்டுருக்கான் சார். நேர் மரை போட்டா ஓட்ட ஓட்டக் கழண்டுடும்.”

“ஏண்ணே கழலணும்?”

“கழலும் சார். நீங்க வேணா போட்டுப் பாருங்க.”

அனுபவம் பேசுகிறது, காரணம் சொல்ல அதற்கு நேரமில்லை. நாமே யோசிப்போம். சாதாரணமாக யோசித்தால் கிடைக்கிற விடை என்ன தெரியுமா? மரையைத் தலைகீழாக வெட்டிவிட்டார்கள் என்பதுதான். வலப்பக்கம் நின்று பாருங்கள். கிராங்க் கடிகாரப் பக்கம் சுற்றுகிறது. பெடலோ காலுக்கடியில் படுத்தபடியே இருக்கிறது. அப்படியானால் கிராங்கை வைத்துப் பார்க்கும்போது பெடல் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்றுதானே அர்த்தம்? உள்ளே இருக்கும் பால்ஸ் கொஞ்சம் உரசினாலும் அச்சை அந்தப் பக்கம்தானே இழுக்கும்? அதாவது கழற்றும் பக்கம்! நான் சொல்வதில் தப்பு இல்லை. பெடலுக்குள் பால்ஸ் உடைந்து அச்சு இறுகிப்போன சைக்கிளில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பெடல் தானாகக் கழன்று வருவது இதனால்தான். ஆனால் பால்ஸ் நன்றாக உருளும் பெடலில் அந்த உரசல் மிகச் சிறியது. அதைவிடப் பலசாலி ஒன்று எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

அதைப் பார்க்க ஒரு வளையலும் ஒரு ரூபாய்க் காசும் போதும். வளையலை மேசைமேல் படுக்கவையுங்கள். காசை அதற்குள் படுக்கவைத்து, விளிம்பு வளையலின் உள்சுவரை அழுத்தியபடி, வழுக்காமல் உருட்டிக்கொண்டே போங்கள். காசு வளையலைக் கடிகாரப் பக்கம் வலம்வந்தால், தன்னளவில் எதிர்ப்பக்கம் சுழலும். காசில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் நன்றாகத் தெரியும். எதிர்ப்பக்கம் வலம்வரச் செய்தால், கடிகாரப் பக்கம் சுழலும்.

கிராங்கின் துளைதான் வளையல், பெடலின் அச்சு காசு. எவ்வளவு இறுக்கினாலும் மரைக்கும் மரைக்கும் நடுவே மயிரிழை இடம் இருந்தே தீரும். உங்கள் பாரம் எப்போதும் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது. கிராங்க்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே துளைச் சுவரில் பாரம் அழுத்தும் இடம், கிராங்க் சுற்றுவதற்கு எதிராக வலம்வந்துகொண்டே இருக்கும். அதனால் வலப்பக்கத்து அச்சு, கண்ணுக்குத் தெரியாமல், கடிகாரப் பக்கம் உருளப் பார்க்கிறது. இடப்பக்கத்தில் எல்லாம் தலைகீழ். எனவே வலதுக்கு நேர் மரை, இடதுக்கு எதிர் மரை. மிதிக்க மிதிக்க இரண்டும் இறுகும். நாற்பது வருஷம் மிதித்த தாத்தாவின் பெடல் எவ்வளவு இறுகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், தூத்துக்குடி வாசகரே.

இதைப் புரிந்துகொண்ட சந்தோஷத்தில் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் இந்த வாரத்தின் உண்மையான புதையல் கிடைத்தது. அமெரிக்காவில் 1900இல் இந்த எதிர் மரைப் பெடலைப் போட்டு, ‘கழன்று விழாத பெடல்’ என்று விளம்பரம் செய்த சைக்கிள் கடைக்காரர்கள் யார் தெரியுமா? ஒஹையோ மாநிலம் டேட்டன் ஊரில் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி: வில்பர் ரைட், ஆர்வில் ரைட். ஆமாம், அதே ரைட் சகோதரர்கள்தான்.

1892இல் சைக்கிள் விற்பனைக்கும் பழுதுபார்ப்புக்கும் கடை திறந்தார்கள். 1896இலிருந்து சொந்தமாகவே சைக்கிள் செய்து விற்றார்கள். உயர்ந்த ரகத்துக்கு வான் கிளீவ் என்று பெயர், விலை குறைந்ததற்கு செயின்ட் கிளேர். அந்தக் காலத்துப் பல சைக்கிள்களில் இரண்டு பெடலுக்கும் நேர் மரைதான். அதனால் இடது பெடல் ஓட்ட ஓட்டக் கழன்று தொல்லை கொடுத்தது. ரைட்களின் வான் கிளீவில் அந்தத் தொல்லை இல்லை.

சைக்கிளை விட்டுவிட்டு விமானத்துக்குப் போனார்கள் என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படி இல்லை, சைக்கிளோடுதான் போனார்கள். 1901இல், இறக்கையின் வளைவு எவ்வளவு தூக்குவிசை கொடுக்கும் என்று அளக்க, ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு முன்னால் இன்னொரு சக்கரத்தைப் படுக்கைவாட்டில் பொருத்தினார்கள். அதில் தகடுகளை மாட்டி, காற்று முகத்தில் அடிக்க வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு கடையிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்று கட்டினார்கள். அதற்குள் வைத்த நுட்பமான தராசுகள் எதனால் ஆனவை? பழைய ஹேக்ஸா பிளேடும் ஸ்போக்ஸ் கம்பியும். விமானத்துக்கான 12 குதிரைத்திறன் இன்ஜினைச் செய்து கொடுத்தவர் அவர்கள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர். ஆறே வாரத்தில் முடித்தார்.

அந்த ஒரே இன்ஜினிலிருந்து இரண்டு காற்றாடிகளுக்கு விசை போனது. எப்படி? செயின் போட்டுத்தான். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் விமானம் ஒரு பக்கம் சாயும் என்பதால், ஒரு செயினை மட்டும் எட்டு போலக் குறுக்காகத் திருப்பி மாட்டினார்கள். அது எதிர்ப்பக்கம் சுற்றியது. இடது பெடலுக்கு எதிர் மரை போட்ட கைகளுக்கு இது வராமல் இருக்குமா?

இன்னும் இருக்கிறது, பொறுங்கள். 1903 நவம்பரில் கிட்டி ஹாக் மணல்வெளியில் இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறார்கள். இன்ஜின் திக்கித் திக்கி ஓடுகிறது. அந்த உதறலில் காற்றாடி அச்சில் இருந்த ஸ்ப்ராக்கெட்டுகள் கழன்றுகொண்டே இருக்கின்றன. என்ன இறுக்கியும் நிற்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? சைக்கிள் ரிம்மில் டயரை ஒட்டும் பசை! அதைச் சூடாக்கி மரையில் ஊற்றி ஒட்டினார்கள், அசையவில்லை. அப்புறம் அச்சே விரிசல் விட்டது, ஆர்வில் ஊருக்குப் போய்ப் புது அச்சு செய்துகொண்டு திரும்பினார் என்பதெல்லாம் தனிக்கதை. டிசம்பர் 17ஆம் தேதி பறந்தார்கள். முதல் முறை 12 வினாடி, 120 அடி. கிளம்பும்போது விமானத்தைத் தாங்கி மரத் தண்டவாளத்தில் உருண்ட வண்டிக்குச் சக்கரம் எது என்கிறீர்கள்? சைக்கிள் ஹப்.

நம் தெருமுனைக் கடையில் சொல்யூஷன் டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்குக் கொஞ்சம் மரியாதை வரும்.

உதவி ஆசிரியர் இரண்டாம் முறையாக போன் செய்துவிட்டார். “பக்கம் போகணும் சார், பெயின்ட் முடிஞ்சுதா?” என்கிறார். இதோ, சைக்கிளுக்கு வந்துவிட்டேன்.

இதே எதிர் மரை சைக்கிளில் இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. பெடலில் பாடம் படித்தவர்கள் அங்கேதான் வசமாக மாட்டிக்கொள்வார்கள். கிராங்குக்கு நடுவே உள்ள பி.பி. அச்சைத் தாங்கும் இரண்டு கப்புகளில், வலப்பக்கத்து, அதாவது செயின் பக்கத்து கப்புக்குத்தான் எதிர் மரை. இடதுக்கு நேர் மரை, பூட்டுவதற்கு ஒரு லாக் ரிங். பெடலுக்கு நேர்மாறு! காரணம் அதே வளையலும் காசும்தான். இங்கே பாரம் கிராங்கோடு சேர்ந்து வலம்வருகிறது, அதனால் கப் எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கிறது. இத்தாலிக்காரர்கள் இரண்டு பக்கமும் நேர் மரையே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அழகான சைக்கிள்கள்தான். ஆனால் அந்த வலது கப் தளர்ந்துபோவதைப் பற்றிப் புலம்பாத மெக்கானிக் அங்கே இல்லை.

பி.பி.யில் பால்ஸ் மாற்ற, வலது கப்பைக் கழற்றாமலே வேலையை முடிக்கலாம் என்பதுதான் நல்ல செய்தி. முதலில், கிராங்கை அச்சில் பூட்டியிருக்கும் காட்டர் பின். அதன் நட்டை மட்டத்துக்குத் தளர்த்தி விடுங்கள், முழுக்கக் கழற்றிவிட்டால் மரை நசுங்கும். கிராங்குக்கு அடியில் ஒரு தடித்த இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து ஒரே அடி. தயங்கித் தயங்கிப் பத்து அடி அடித்தால் பின் வளைந்துவிடும். சுத்தியலுக்கு இந்த வாரம் அனுமதி இங்கே மட்டும்தான். பிறகு இடது கப்பை மட்டும் கழற்றி அச்சை உருவினால் பழைய பால்ஸ் கொட்டும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். உள்ளேயே மண்ணெண்ணெயில் துடைத்து, கப்பில் கிரீஸ் தடவி, பக்கத்துக்கு 11 என்று கால் அங்குல பால்ஸ் புதிதாகப் பதியுங்கள். பழையதும் புதியதும் கலக்காதீர்கள். மாட்டும்போது இரண்டு காட்டர் பின்னும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இறங்கவேண்டும். மாறினால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

கப்பையே மாற்றும் நிலை வந்தால் ஒரு எச்சரிக்கை. உங்களுடையது நாட்டிங்காமில் செய்த பழைய ராலே என்றால், அதன் மரை அங்குலத்துக்கு 26. பிரிட்டிஷ் வழிவந்த மற்ற சைக்கிள்களில் 24. கடையில் கிடைக்கும் கப் அதில் ஏறாது. ஏற்றப் பார்த்தால் ஃப்ரேம் போய்விடும்.

என் ஹெர்குலிஸின் பெடல் பற்றி ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய பெடலில் ரப்பர் கட்டைகள் தேய்ந்து பாதியாகிவிட்டன. ‘ஒரிஜினலை மாற்றாதே’ என்று ஒரு கூட்டம் எழுதுகிறது. ‘அலாய் பெடல் போடு, கிளிப் போடு’ என்று இளவட்டங்கள் எழுதுகிறார்கள். இரண்டு பேருக்கும் இல்லாமல் ஒரு தீர்ப்பு: பழைய அச்சையும் கூட்டையும் அப்படியே வைத்து, கட்டையை மட்டும் புதிதாகப் போடப்போகிறேன். ஹேண்டில்பாரையும் சீட்டையும் என் இஷ்டத்துக்கு மாற்றுவேன். அவை நினைத்தால் திரும்ப வைத்துவிடக்கூடியவை. ஃப்ரேமில் மட்டும் ஒரு துளைகூடப் புதிதாகப் போடமாட்டேன்.

பெயின்ட் அடுத்த வாரம், சத்தியமாக. திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் புல்லட் டேங்குக்குத் தங்கக் கோட்டைக் கையாலேயே இழுத்த கலைஞர்களைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. அதனால் கோடு அதற்கடுத்த வாரத்துக்குப் போனாலும் போகலாம்.

அதுவரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவசரத்தில் வலது பெடலை இடது கிராங்கில் வைத்து, பைப் மாட்டி ஏற்றிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. முதல் இரண்டு சுற்று கையாலேயே, ஸ்பேனர் இல்லாமல் ஏறவேண்டும். ஏறவில்லை என்றால் கடைக்காரரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மரை போன கிராங்குக்கு வைத்தியம் பெரிதாக ஒன்றும் இல்லை, புதிது வாங்கவேண்டியதுதான்.