கால்நகச் சொத்தையும் கைமருந்தும்

நகத்திற்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர் உகிர் என்பதாகும். நகத்தைச் சுற்றிச் சீழ் கோத்து இரவெல்லாம் உறங்கவிடாது வலிக்கும் நோயை அகராதிகள் உகிர்ச்சுற்று என்று குறிக்கின்றன. மக்கள் வழக்கில் அது நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலில் செருகிக்கொள்ளும் வைத்தியம் அதற்கே உரியது. இங்கு நாம் ஆராயப் புகுவது அந்நோயை அன்று. வலியின்றி, சீழின்றி, ஆண்டுக்கணக்கில் கால் பெருவிரலில் குடியிருந்து நகத்தைக் கெடுக்கும் நகச்சொத்தையையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

சொத்தை என்னும் சொல்லைச் செஞ்சி வட்டாரத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. மல்லாட்டை உரிக்கும்போது மேல்தோடு நன்றாக இருக்க, உள்ளே பருப்புக் கறுத்துப் பொடிந்து கிடந்தால் அதனைச் சொத்தை என்று ஒதுக்குகிறோம். நகத்திலும் கேடு உள்ளேதான் இருக்கிறது. மேலே பூசும் மருந்து பலமுறை பயனற்றுப் போவது ஏன் என்னும் வினாவிற்கு இச்சொல்லே பாதி விடையாகும்.

நோய் பெரும்பாலும் நகத்தின் நுனியிலோ பக்க ஓரத்திலோ வெண்மையான அல்லது மஞ்சளான கறையாகத் தொடங்குகிறது. திங்கள்கள் செல்லச் செல்லக் கறை அடிநோக்கி நகர்கிறது, நகம் தடிக்கிறது, தன் படுக்கையை விட்டு மேலெழுகிறது, அடியில் மாவு போன்ற துகள் சேர்கிறது. வலி இல்லாமையால் எவரும் பொருட்படுத்துவதில்லை. “கால்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று இருந்துவிடுகிறோம். செருப்பு நுழையாதபோதுதான் நினைவு வருகிறது.

இதற்குக் காரணமான பூஞ்சணங்களுள் முதன்மையானது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்பது. நகம், முடி, மேல்தோல் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் புரதமே இதன் உணவு. இப்பூஞ்சணத்தை முதன்முதலில் விவரித்தவர் நமக்கு அண்மையில் இருந்தவரே என்பது பலர் அறியாத செய்தி. கொழும்பிலிருந்த பாக்டீரியாவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி, 1910இல் தொடையிடுக்குப் படையை ஆராய்ந்து இதனைப் புதிய இனமென அறிவித்தார். நகத்தில் அன்று, தோலில் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

தென்கிழக்கு ஆசியா, இந்தியா, மேற்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகள் முதலியனவே இதன் பழைய இருப்பிடம் என்பது அறிஞர் பலர் கருத்து. வெறுங்காலுடன் நடந்த அந்நாட்டு மக்களின் உடலில் அது படர்தாமரையாகவே வாழ்ந்தது. படைவீரர்களாகவும் வணிகர்களாகவும் வந்த ஐரோப்பியரின் பாதங்கள் தடித்த காலணிக்குள் நாள் முழுவதும் வியர்த்திருந்தன. வெப்பமும் ஈரமும் இருளும் ஒருங்கே வாய்த்த அவ்விடத்தில் பூஞ்சணம் விரலிடுக்கிற் குடியேறிப் பின்னர் நகத்திற்குள் புகுந்தது. இருபதாம் நூற்றாண்டின் போர்களும் பயணங்களும் அதனை உலகெங்கும் கொண்டுசேர்த்தன. இவ்வாறு நோக்கின் நகச்சொத்தை காலணி வளர்த்த நோய் எனலாம். நாற்று நடும் வயலில் சேற்றுப்புண் வந்த காலும், பொழுதெல்லாம் நைலான் காலுறைக்குள் புழுங்கும் காவலர், மாணவர் கால்களும் இன்று ஒரே நோய்க்கு இடந்தருகின்றன. விரலிடுக்குப் புண்ணை ஆற்றாமல் நகத்தை மட்டும் கவனிப்பது, கரை உடைந்திருக்க ஏரிக்குத் தண்ணீர் விடுவது போன்றது.

இனி, முதன்மையான வினாவிற்கு வருவோம். நிறம் மாறித் தடித்த நகமெல்லாம் பூஞ்சண நோய்தானா? அன்று. அத்தகைய நகங்களுள் ஏறத்தாழப் பாதியே பூஞ்சணத்தால் கெட்டவை என்று தோல் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. செஞ்சியில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. 2025ஆம் ஆண்டு சூலையில் செஞ்சிக்கோட்டை மராட்டியர் கோட்டைத் தொகுதியுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அக்கோட்டையைக் காண வருவோர் மலையேறுகையில் மூச்சுக்கு அஞ்சுகின்றனர். நகத்திற்கு அச்சம் இறங்குகையில்தான். படிக்குப் படி உடல் எடை முன்சாய, காலணியின் முனையில் பெருவிரல் நகம் மோதுகிறது. அடியில் இரத்தம் கட்டி நகம் கறுக்கிறது. சில வாரங்களில் தளர்ந்து மேலெழுகிறது. இது பூஞ்சணமன்று, அடிபட்ட நகம். இதற்குப் பூஞ்சணக்கொல்லி மாத்திரை உண்பது வீண். காளாஞ்சகப்படை உடையவர்க்கும் நகம் இவ்வாறே தடித்துப் பொடிவதுண்டு. அடிபடாமலேயே ஒற்றை நகத்தில் அடியிலிருந்து நுனிவரை கருங்கோடு தோன்றி அகன்றுகொண்டே வந்தாலோ, கருமை அருகிலுள்ள தோலிற் படர்ந்தாலோ, அரிதான ஒரு புற்றுநோயாக இருக்கக்கூடும். அதனைக் கைமருந்துக்கு விடாமல் உடனே மருத்துவரிடம் காட்டல் வேண்டும்.

ஐயம் தீர்க்கும் ஆய்வு எளியது. நகத்தின் கெட்ட பகுதியை நறுக்கியும் அடித்துகளைச் சுரண்டியும் எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சண இழைகள் தெரியும். எவ்வினம் என அறிய வளர்த்துப் பார்ப்பதாயின் மூன்று, நான்கு வாரங்கள் ஆகலாம். முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுவை ஜிப்மரும் செஞ்சியார் சென்று வரக்கூடிய தொலைவிலேயே உள்ளன. மூன்று மாத மாத்திரையை விழுங்குவதற்குமுன் இந்த ஓர் ஆய்வைச் செய்துகொள்வதே அறிவுடைமை என்பது நம் துணிபு.

கைமருந்துகளுள் முதலிடம் மருதாணிக்கே. மருதோன்றி, ஐவணம் என்றும் பெயர் பெற்ற இவ்விலையை அழகுக்கு மட்டுமன்றிச் சேற்றுப்புண்ணுக்கும் நகத்திற்கும் அரைத்துப் பூசுதல் நெடுநாள் வழக்கம். இவ்வழக்கத்தை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிட இயலாது. மருதாணிக்குச் செந்நிறந் தரும் லாசோன் என்னும் பொருள் ஆய்வகத் தட்டில் பூஞ்சணங்களின் வளர்ச்சியைத் தடுப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஆயினும் தட்டிற் கொல்வது வேறு. தடித்த நகத்தைக் கடந்து உட்சென்று கொல்வது வேறு. லாசோன் நகத்தின் கெரட்டினோடு பிணைந்து மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. அதனாலன்றோ அந்நிறம் கழுவினாலும் போவதில்லை! விரலிடுக்கின் ஈரத்தை உலர்த்தவும் தோலைக் காக்கவும் மருதாணி உதவக்கூடும். நகத்திற்குள் குடியேறிய நோயை அது வேரறுப்பதில்லை. மற்றொன்று, சிவந்த நகத்தில் மருத்துவர் நிறமாற்றத்தைக் காண இயலாது. ஆதலின் காட்டச் செல்லும்வரை அந்நகத்திற்கு மட்டும் இடாதிருத்தல் நலம். கடைகளில் கறுப்பு மருதாணி என்று விற்கப்படுவது இலையன்று. பாராஃபீனைலீன்டையமின் என்னும் தலைச்சாயப் பொருள் கலந்தது. தோல் கொப்பளிக்கச் செய்யும், எவ்வுறுப்புக்கும் ஆகாது.

வேப்பெண்ணெய், மஞ்சள், பூண்டு, காடி ஆகியவையும் வழக்கில் உள்ளன. சீமையகத்தி இலை படர்தாமரைக்குப் பெயர் பெற்றது. அதனாலேயே வண்டுகொல்லி எனவும் வழங்கும். சித்த மருத்துவத்தில் அதன் களிம்பும் உண்டு. இவை தோலுக்கானவை. எண்ணெய் நகத்தை மெதுவாக்கும், மெதுவான நகத்தை அராவி மெலிவிக்கலாம், அது நற்பயனே. பச்சைப் பூண்டை இரவெல்லாம் கட்டிவைத்தாலோ தோல் வெந்துபோகும். நீர் கலவாத காடியும் அத்தகையதே. மேலைநாட்டார் பெரிதும் நம்பும் கைமருந்து ஆஸ்திரேலியத் தேயிலை மர எண்ணெய். அதற்கும் நம் நீலகிரித் தேயிலைக்கும் தொடர்பில்லை. 1994இல் வெளியான ஆய்வொன்றில் 117 பேருக்கு ஆறு மாதம் இவ்வெண்ணெயையும் குளோட்ரிமசோல் என்னும் மருந்துப் பூச்சையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தனர். பூஞ்சணம் நீங்கியது எண்ணெய் பூசியவரில் 100க்கு 18 பேருக்கு. மருந்து பூசியவரில் 11 பேருக்கு. கைமருந்து தோற்றதென்று இதனைக் கொண்டு கூற முடியாது. மேற்பூச்சு எதுவாயினும் உள்ளே எட்டுவது அரிது என்பதே இதனாற் பெறப்படுகிறது.

மருத்துவம் இவ்விடரை இரு வழிகளில் கடக்க முயல்கிறது. நகத்தின்மேல் படலமாக நின்று சிறிது சிறிதாக உட்செல்லும் பூச்சுகள் ஒரு வகை. அமோரால்ஃபின் 5 விழுக்காட்டுப் பூச்சை வாரம் ஒரு முறையும், சைக்ளோபிராக்ஸ் 8 விழுக்காட்டுப் பூச்சை நாள்தோறும் இடுவர். நகத்தின் அடிப்பகுதி கெடாமல், பாதிக்குக் குறைவாக நோய் கண்டிருந்தால் இவை பொருந்தும். ஓராண்டுப் பொறுமை வேண்டும். தடித்த நகத்தை முதலில் யூரியாக் களிம்பால் இளக்குவதும் உண்டு. உரக்கடையில் மூட்டையாக வாங்கும் அதே யூரியாதான். ஆயினும் வயலுக்கு வாங்கியதைக் காலிற் பூசலாகாது!

மற்றொரு வகை, குருதி வழியாக நகத்தின் அடியிலிருந்து மருந்தை ஊட்டுவது. முன்பு கிரிசியோஃபுல்வின் மாத்திரையை ஓராண்டுக்கும் மேலாக உண்டும் பலர் குணம் பெறாதிருந்தனர். இன்று முதன்மை பெற்றது டெர்பினாஃபின். நாளொன்றுக்கு 250 மில்லிகிராம், கால் நகத்திற்கு 12 வாரம், கை நகத்திற்கு 6 வாரம் என்பது வழக்கமான அளவு. பூஞ்சணத்தின் உயிரணுச் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் உருவாகாமல் தடுப்பதே இதன் செயல். ஈரல் நோயுடையார்க்கு ஆகாது; தொடங்குமுன் ஈரலுக்கான இரத்த ஆய்வு வேண்டும். இட்ராகொனசோல் என்னும் மற்றொரு மருந்தை மாதத்தில் ஒரு வாரம் என்ற முறையில் கொடுப்பர். இதயத் தளர்ச்சி உடையவர் அதனைத் தொடலாகாது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும் அது ஒத்துப்போகாது. கருவுற்ற மகளிர் இம்மாத்திரைகளைத் தவிர்த்து மகப்பேற்றுக்குப்பின் தொடங்கலாம், நகம் காத்திருக்கும்.

பயன் எவ்வளவு? டெர்பினாஃபின் உண்டவர்களை 48ஆம் வாரத்தில் ஆராய்ந்தபோது, 100க்கு 70 பேரிடம் பூஞ்சணம் ஒழிந்திருந்தது. ஆனால் பூஞ்சணமும் ஒழிந்து நகமும் முழுதும் தெளிந்தவர் 38 பேரே. இவ்விரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை உணராமையால்தான் பலர் மருந்தை இடையில் விடுகின்றனர். மாத்திரை, கெட்ட நகத்தை நல்ல நகமாக மாற்றுவதில்லை. புதிதாக வளரும் நகத்தைக் காப்பது மட்டுமே அதன் வேலை. பழையது வளர்ந்து வெளியேறியாக வேண்டும்.

அந்த வளர்ச்சியின் வேகத்தை மருதாணியே காட்டும். நோன்புப் பெருநாளுக்கு இட்ட சிவப்பு, ஏறத்தாழ 70 நாட் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள் வருகையில் கைந்நகத்தில் சுமார் 7 மில்லிமீட்டர் முன்னேறியிருக்கும். கால் பெருவிரலிலோ அதில் பாதியே நகர்ந்திருக்கும். கால் நகம் மாதத்திற்கு ஒன்றரை மில்லிமீட்டரே வளர்வதால் முழுநகம் புதிதாக 12 முதல் 18 மாதங்கள் ஆகின்றன. நான்காம் வாரத்தில் “ஒன்றும் மாறவில்லை” என்று மாத்திரையைத் தூக்கி எறிவது, நாற்று நட்ட மறுவாரமே கதிர் எங்கே என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு பற்றியும் கூறவேண்டும். அரிப்பு அடங்கும், பூஞ்சணம் அடங்காது, உள்ளுக்குள் பரவும். இந்தியாவில் டெர்பினாஃபினுக்கு அடங்காத படர்தாமரை பெருகியுள்ளது. அதற்குக் காரணமான இனத்திற்கு 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என இந்தியாவைக் குறிக்கும் பெயரே இடப்பட்டது. பெருமைப்படத்தக்க பெயரன்று அது.

இதுவரை கூறியவை நலமுள்ளவர்க்கு. நீரிழிவு உள்ளவர்க்கோ கதை வேறு. உணர்ச்சி மங்கிய காலில், தடித்த நகம் செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல அடித்தோலை அழுத்துகிறது, வலி தெரிவதில்லை. நகத்தடியில் புண் உண்டாகிறது. விரலிடுக்கு வெடிப்பின் வழியாகக் கிருமி ஏறிக் கால் வீங்குகிறது. விரலையோ காலையோ இழப்பதில் அது முடிதல் கூடும். வீட்டிலுள்ள முதியவர் நீரிழிவுடையவராயின், பிளேடால் நகத்தைச் சீவுதல், சுடுநீரில் காலை ஊறவைத்தல், காடியில் வைத்தல் ஆகிய மூன்றையும் இன்றே நிறுத்தல் வேண்டும். அவர்தம் பாதத்தை வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் வைத்து விரல் விரலாகப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை. அவர்க்கு நகச்சொத்தை அழகுக் குறையன்று. கைமருந்துக்கு ஒரு திங்களும் தவணை தரலாகாத நோய்.

ஐவேளை உளூச் செய்வோர்க்குப் பாதம் கழுவுதலும் விரலிடுக்கைக் கோதுதலும் இயல்பாகவே அமைந்துள்ளன. கழுவிய ஈரத்தோடு காலுறை அணிவதே குறை. ஒரு துண்டால் விரலிடுக்கை ஒற்றி எடுத்தபின் அணியலாம். அத்துண்டு தனித்தனியாக இருத்தல் வேண்டும். நகவெட்டியும் அவ்வாறே. மருந்துப் பூச்சு நகத்தின்மேல் படலமாக நிற்பதால் உளூவைப் பற்றி ஐயம் எழுதல் இயல்பே. அதனால் மருந்தை நிறுத்திவிடாமல், மாத்திரை பொருந்துமா என மருத்துவரிடமும், நோயாளிக்குரிய சலுகை யாதென மார்க்க அறிஞரிடமும் கேட்டறியலாம். பழைய காலணிகளை வெயிலில் காயவைத்து, இரண்டு இணைகளை மாற்றி மாற்றி அணிதல் நோய் திரும்புவதைக் குறைக்கும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை வீட்டிலேயே அறிய ஒரு வழி உண்டு. நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் எல்லையில், அரத்தால் மெல்லிய குறுக்குக் கீறல் ஒன்றை மருத்துவரைக் கொண்டு இட்டுக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை பார்த்து வந்தால், கீறல் நுனி நோக்கி நகர, அதன் பின்னால் தெளிந்த நகம் வருகிறதா என்று தெரியும். கீறலைத் தாண்டிக் கறை அடிநோக்கி ஏறியிருந்தால், அந்த மாதமே மருத்துவரிடம் மீண்டும் செல்க.