கொய்யாப்பழமும் முப்புரிக் கயிறும்

அம்பத்தூர் ரயில் நிலையத்தருகே கூடையில் கொய்யாப்பழம் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. நாளொன்றுக்கு நமக்கு வேண்டியது இதில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தச் சிறிதளவும் மாதக்கணக்கில் கிடைக்காமற் போனால் ஈறுகளில் இரத்தம் கசியும்; பற்கள் ஆடும்; ஆறிய புண்ணும் மீண்டும் திறக்கும். இதுவே ஸ்கர்வி நோய். கடலோடிகளை வாட்டிய இந்நோயை ஆரஞ்சும் எலுமிச்சையும் தீர்க்கும் என்று 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் காட்டினார். ஏன் என்பது விளங்க இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

அந்த விடையின் ஒரு பகுதி சென்னையில் கிடைத்தது. நம் தோல், எலும்பு, தசைநாண், ஈறு ஆகியவற்றை இறுகப் பிணைத்து வைத்திருப்பது கொலாஜன் என்னும் புரதம். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் வெளியிட்டனர். அவ்விழைகள் கிணற்றுக் கயிற்றின் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதாக மறு ஆண்டே அதைத் திருத்தினர். (உயிர்வேதியியலில் இயற்பியலாருக்கு என்ன வேலை என்று கேட்போருக்கு நான் சொல்லும் முதல் பதில் இது.)

கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வோர் இழையிலும் மூன்றாவதாக வருவதெல்லாம் கிளைசின். அமினோ அமிலங்களில் அதுவே மிகச் சிறியது. புரோலின் என்னும் மற்றோர் அமினோ அமிலமும் இழைகளில் ஏராளம். முறுக்கு நிலைக்க வேண்டுமானால், புரோலின்கள் பலவற்றில் ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் சேர்த்து அவற்றை ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்றவேண்டும். இப்பணியை ஒரு நொதி செய்கிறது. அப்படி மாற்றிய கயிறு உடல் சூட்டில் நிலைத்து நிற்கும். மாற்றாவிட்டால் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். நம் உடலின் சூடோ 37 பாகை!

வைட்டமின் சி எங்கே வருகிறது? அந்த நொதியின் மையத்தில் ஓர் இரும்பு அணு உண்டு. வேலையினூடே அது சில சமயம் ஓர் எலக்ட்ரானை இழந்துவிடும். நொதி செயலற்று நிற்கும். வைட்டமின் சி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து இரும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. கயிற்றில் அது எங்கும் இல்லை. கயிறு திரிப்பவரின் கருவி துருப்பிடிக்காமல் காப்பதே அதன் வேலை. பழைய கயிறுகள் தேயும்வரை தாங்குகின்றன. நோய் உடனே வராமல் சில மாதம் கழித்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூடையருகே படுத்திருக்கும் நாய்க்கு இந்தக் கவலையே இல்லை. அதன் கல்லீரல் குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்கிறது. அந்த வேலையின் கடைசிப் படியை முடிக்கும் நொதி மனிதரிடமும் பல குரங்கினங்களிடமும் கினிப்பன்றியிடமும் இல்லை. அதற்கான ஜீன் மட்டும் சிதைந்த நிலையில் இன்னும் நம்மிடம் இருக்கிறது.