மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையில் ஒரு முறை போய்வந்தவர்கள், அந்தப் பிரதேசத்தில் இல்லாத வஸ்து உலகத்திலேயே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். கப்பல் இருக்கிறது, கப்பலிலிருந்து பெட்டி இறக்கும் ராட்சத யந்திரம் இருக்கிறது, காசிமேட்டில் மீன் இருக்கிறது, திருவொற்றியூரில் தியாகராஜ ஸ்வாமி இருக்கிறார். ஆனால் மலை மட்டும் கிடையாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் தோசைக்கல்லைப் போல் தட்டையாகக் கிடக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில், நாற்பது வயதை நெருங்கும் ஒரு கிருகஸ்தர், "நான் மலைச் சைக்கிள் பந்தயத்தில் சேரப் போகிறேன்" என்று அறிவித்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நேயர்கள் சுலபமாக ஊகிக்கலாம்.

"விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளாதேடா, அப்பா!" என்பார் தாயார்.

"மலை எங்கே இருக்கிறது? பையனுக்கு வாங்கின சைக்கிளே வாசலில் துருப்பிடித்துக் கிடக்கிறது. இந்த வயசிலே உங்களுக்கு எதற்கு இந்த விபரீதம்?" என்பாள் மனைவி.

ஆக, ஆட்சேபங்கள் நான்கு: வயது, மலை, துரு, எலும்பு. நான்கும் நியாயமானவையே. நான்குக்கும் பதில் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரியவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு

முதலில் வயது. மலைச் சைக்கிள் என்பது பள்ளிக்கூடப் பையன்களுக்காக ஏதோ ஒரு பெரிய கம்பெனி செய்து கொடுத்த விளையாட்டு அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், டமால்பாய்ஸ் என்ற மலையின் அடிவாரத்து ஊர்களில் வசித்த சில வாலிபர்கள், 1930-களில் செய்யப்பட்ட பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடி எடுத்தார்கள். அவை கனமானவை, டயர்கள் தடித்தவை. ஓட்டை உடைசல் என்று ஊரார் ஒதுக்கியவை. அவற்றைத் தங்கள் கையாலேயே பழுதுபார்த்து, காட்டுத் தீயை அணைக்கப் போகும் மண்பாதைகளில் மலையிலிருந்து இறங்கினார்கள்.

1976-ஆம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, யார் முதலில் கீழே வருவது என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம்! பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்கின் உள்ளே இருந்த கிரீஸ், உஷ்ணத்தினால் உருகிப் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் அதைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ஆகவே 'மறுபடி அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அந்தப் பந்தயத்துக்குப் பெயராயிற்று. அடுத்த இரண்டொரு வருஷத்துக்குள் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இந்தக் காரியத்துக்கென்றே புதிதாகச் சட்டம் அமைத்தார். 1979-இல் காரி பிஷரும் சார்லி கெல்லியும் கூட்டாக ஒரு சிறு கம்பெனி ஆரம்பித்தார்கள். 1990-இல் கொலராடோ மாகாணத்து துராங்கோ நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இந்த விளையாட்டு இடம் பெற்றுவிட்டது.

துராங்கோவில் ஆண்களுக்கான நெடும்பந்தயத்தில் வென்ற நெட் ஓவரெண்டுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. அவர் 2015-இல், தமது ஐம்பத்தொன்பதாம் வயதில், தடித்த டயர் சைக்கிளுக்கான அமெரிக்க தேசியப் பந்தயத்திலும் முதலாவதாக வந்தார். பெண்கள் பந்தயத்தில் வென்ற ஜூலி பர்டாடோ, முழங்கால் கெட்டுப் போனதால் பனிச்சறுக்கு விளையாட்டைக் கைவிட்டுச் சைக்கிளுக்கு வந்தவர்.

இவர்கள் அபூர்வப் பிறவிகள் என்று சொல்லலாம். வாஸ்தவந்தான். சாதாரண மனிதர்களுக்கு வைத்திய சாஸ்திரம் என்ன சொல்லுகிறது? முப்பது வயதுக்கு மேல், பிராணவாயுவை வாங்கி உழைக்கும் சக்தி பத்து வருஷத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்தத் தேய்மானம் குறைவு. நாற்காலியிலேயே காலம் கழித்தவர் பயிற்சி ஆரம்பித்தால், சில மாதங்களுக்குள் போன வருஷத்தைவிட அதிக சக்தி உள்ளவராகவே ஆகிவிடுகிறார். ஆனால் களைப்புத் தீர இருபது வயதுக்காரனைவிட அதிக நாள் பிடிக்கும். இதை உணர்ந்துதான் சர்வதேசச் சைக்கிள் சங்கம் முப்பத்தைந்து வயது முதல் ஐந்தைந்து வருஷமாகப் பிரித்து மூத்தவர்களுக்குத் தனிப் பந்தயம் வைத்திருக்கிறது. சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், மார்வலி இவற்றில் ஏதேனும் இருந்தால் வைத்தியரைப் பார்த்துவிட்டே சைக்கிளைத் தொட வேண்டும். இல்லாதவர்களும் நாற்பதை நெருங்கிவிட்டால் ஒரு முறை பார்ப்பதே விவேகம்.

மேம்பாலமும் கடற்காற்றும்

இனி, மலை. மலை இல்லாத ஊரில் மலை ஏறப் பழகுவது எப்படி? பந்தயத்துக்கு வேண்டியவை மூன்று: நீடித்த மூச்சு, ஏறுகிற பலம், கரடுமுரடான பாதையில் விழாமல் போகிற சாமர்த்தியம். முதல் இரண்டையும் சமநிலத்திலேயே சம்பாதித்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று நாள் போதும். இரண்டு நாள் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை அதைவிடச் சற்று அதிகம். வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? பக்கத்தில் வருகிறவருடன் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. இதுதான் கணக்கு. மூச்சு ஸ்திரப்பட்ட பிறகு, வாரத்தில் ஒரு நாள் நான்கு நிமிஷம் கடுமையாக மிதித்து, மூன்று நிமிஷம் மெதுவாகப் போய், இப்படி நான்கு தடவை செய்ய வேண்டும்.

இந்தக் கடுமையான மிதிப்புக்கு வடசென்னையில் இரண்டு 'மலைகள்' இருக்கின்றன. ஒன்று ரயில் பாதைகளைக் கடக்கும் மேம்பாலம். போக்குவரத்து ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் அதன் மேல் பத்துத் தடவை ஏறி இறங்கினால் தொடைகள் உண்மையைச் சொல்லிவிடும். மற்றொன்று கடற்காற்று. கோடையில் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து அது வீச ஆரம்பிக்கும். எண்ணூரிலிருந்து தெற்கு நோக்கித் திரும்புகிறவர் அதற்கு எதிரே மிதிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது பௌதிக சாஸ்திரம். கண்ணுக்குத் தெரியாத மலை என்று அதைச் சொல்லலாம்.

மூன்றாவது வித்தைக்கு மணல் நல்ல உபாத்தியாயர். ஆனால் ஒரு விசித்திரம்: சென்னைத் துறைமுகம் கட்டியதிலிருந்து, கடல் வடக்கே அடித்துக்கொண்டு போகும் மணல் துறைமுகத்தின் தெற்கே தங்கிவிட்டது. அதனால் மெரீனா விசாலமாயிற்று. ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துக்கொண்டே போயிற்று. இன்று அங்கே பல இடங்களில் மணலுக்குப் பதில் கருங்கல் அணையைத்தான் காணலாம். நடுநடுவே கிடைக்கிற மணல் துண்டுகளிலும், பழவேற்காட்டுப் பக்கத்திலும் பழகலாம். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து, இலேசான கியரில், உடம்பைப் பின்னால் சாய்த்து, ஹாண்டில்பாரை வெட்டித் திருப்பாமல் மிதிக்க வேண்டும். மைதானத்தில் செங்கல்லை வரிசையாக வைத்து நடுவே வளைந்து வளைந்து மெதுவாக ஓட்டுவதும் அபாரமான பயிற்சி. வேகமாக ஓட்ட எல்லோராலும் முடியும். மெதுவாக ஓட்டுகிறவனே சைக்கிளை அடக்கியவன்.

உப்பு என்னும் சத்துரு

துருவைப் பற்றிய ஆட்சேபம் அம்மாளின் அனுபவ ஞானம். கடற்கரைக் காற்றில் உள்ள உப்பு இரும்பை அரிக்கிறது. ஆகவே ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் சைக்கிளை நல்ல தண்ணீரால் துடைத்து, செயினை உலர்த்தி, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் மட்டும் கூடாது. சக்கரத்தின் நடுக்குடத்தில் உள்ள கிரீஸை அது வெளியேற்றிவிடும்.

எந்தச் சைக்கிள் வாங்குவது? கடைகளில் தடித்த டயரும் இரட்டை ஸ்பிரிங்கும் வைத்துப் பளபளவென்று நிற்பவை எல்லாம் மலைச் சைக்கிள் அல்ல. பின்பக்கத்து மலிவான ஸ்பிரிங், கால் கொடுக்கும் பலத்தைத் தானே விழுங்கிவிடும். ஆரம்பக்காரருக்கு முன்பக்கம் மட்டும் அதிர்ச்சி தாங்கும் போர்க்கும், நல்ல டிஸ்க் பிரேக்கும், உடலுக்குப் பொருத்தமான அளவுச் சட்டமும் போதும். அளவு தவறினால், எவ்வளவு விலை கொடுத்தாலும் முதுகுவலிதான் மிஞ்சும். ஒரு மாதச் சம்பளம் போய்விடும் என்று தோன்றினால், பழைய சைக்கிளை நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டி வாங்கலாம்.

மெக்கானிக்குக்கு இந்தப் பிரதேசத்தில் பஞ்சமா? எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் மோட்டார் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது 1949-இல். திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்த என்பீல்டு கம்பெனி 1955-இல் பிறந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை 1949-இல் ஏற்பட்டது. ஸ்பானரைப் பிடிக்கத் தெரிந்த கைகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த இடம் இது. கலிபோர்னியாவில் அந்த வாலிபர்கள் பழைய இரும்பைப் புதுப்பித்ததுபோல் செய்ய, இதைவிடத் தகுந்த ஊர் கிடைப்பது அரிது.

எலும்பும் லாரியும்

தாயாரின் ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது. சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்குக் காறை எலும்பு முறிவது சகஜம். ஹெல்மெட்டும் கையுறையும் இல்லாமல் பழகவே கூடாது. இறக்கத்தில் இரண்டு பெடலும் சமமாக இருக்க, ஆசனத்தை விட்டுச் சற்று எழுந்து, முழங்கையை மடக்கி, சக்கரத்தின் அடியைப் பார்க்காமல் பத்து கஜம் முன்னால் பார்க்க வேண்டும். கண் போகிற இடத்துக்கே சைக்கிளும் போகும்.

ஆனால் இப்பிரதேசத்தில் மலையைவிடப் பயங்கரமானது துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் நீண்ட லாரி. அது இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போவதில்லை. மூலையை அறுத்துக்கொண்டு உட்பக்கமாக வருகிறது. அந்தப் பக்கத்தில் நிற்கும் சைக்கிள்காரர் டிரைவரின் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. ஆகவே லாரியின் இடப்பக்கத்தில் நுழைந்து முந்துவது என்ற எண்ணமே கூடாது. லாரி வரிசை நிற்கும் சாலையில் பயிற்சி வேண்டாம். மைதானத்திலும், உட்தெருவிலும், ஞாயிறு விடியற்காலையில் பொன்னேரிக்கு அப்பால் பழவேற்காட்டுச் சாலையிலும் செய்யலாம். புகை அடர்ந்து தொண்டை கரகரக்கும் நாளில் வீட்டிலேயே இருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

ரயில் ஏறி மலைக்கு

ஆறு மாதம் இப்படிப் பழகியவர் மலையைப் பார்க்க வேண்டும். இறக்கத்தைச் சமநிலத்தில் கற்க முடியாது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தப் பாதை பிற்பாடு மேற்கே நீண்டு ஜோலார்பேட்டைக்கும் போயிற்று. இன்று சென்ட்ரலில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினால், பக்கத்திலேயே ஏலகிரி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,100 மீட்டர். கொண்டையூசி வளைவுகள் பதினான்கு. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். எந்தப் பெயருக்கு அருகில் மூச்சு வாங்கி நின்றோம் என்பதைக் குறித்துவைத்துக்கொண்டால், அடுத்த முறை முன்னேற்றம் தெரியும். காட்டுப் பாதையில் இறங்குவதானால் வனத்துறையாரின் அனுமதி வேண்டும்.

பந்தயத்துக்கு முந்தின தினமே போய்ப் பாதையை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடுவது அவசியம். ஆரம்பத்தில் எல்லோரும் அம்புபோல் பாய்வார்கள். புதியவர் பின்வரிசையில் நின்று, தம் மூச்சின் கணக்கிலேயே போக வேண்டும். முதல் சுற்றில் பாய்ந்தவர்களில் சிலரை மூன்றாவது சுற்றில் சந்திக்கலாம். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது சட்டப்படி குற்றமல்ல. கௌரவக் குறைவும் அல்ல. வேகமானவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் வழி விடுவது மரியாதை.

சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, 1948-இல், லண்டன் ஒலிம்பிக்குக்கு நம் தேசம் சைக்கிள் வீரர்களை அனுப்பியது. 1964 டோக்கியோவுக்குப் பிறகு, 2024 பாரிஸ் வரையில் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. ஆயினும் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி முதன்முறையாக இந்தியாவில், திருவனந்தபுரத்துக்கு அருகே பொன்முடி மலையில் நடந்தது. நாற்பது வயதில் ஆரம்பிக்கும் துறைமுகத் தொழிலாளரோ குமாஸ்தாவோ ஒலிம்பிக்குக்குப் போகப் போவதில்லை. ஆனால் அப்பா விளையாடுவதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு, விளையாட்டு என்பது பரீட்சை வந்ததும் விட்டுவிட வேண்டிய காரியம் என்று தோன்றாது. சாம்பியன்கள் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் வராவிட்டாலும், அந்த வீடுகளில் மருந்துச் செலவு குறையும். அதுவும் ஒரு பரிசுதான்.